அவர் எரித்ததாகச் சொல்லப்படும் புத்தகம்

என் கணவர் என்னைப் படிக்க விடவில்லை என்பதை நான் ஒரு சுவரொட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்தார்கள். தலையணை உறைகள் கட்டிய மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சுவரொட்டியில் ஒரு பாதி என் முகம். மறுபாதி தீ. தீக்கு நடுவில் ஒரு புத்தகம் புரண்டு கிடந்தது. கீழே, தெருக்கோடியிலிருந்தே படிக்க முடிகிற எழுத்தில்: "அவர் எரித்தார். அவள் எழுந்தாள்."

அவர் இறந்து அப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. உயிரோடு இருந்த காலத்தில் அவர் எரித்தது எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு யாரோடோ பேசப் போய், ஒரு டாக்டரின் வெள்ளைக் கோட்டில் ஓட்டை விழுந்துவிட்டது. அதற்கே அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

நாங்கள் லாண்டரி வைத்திருந்தோம். தெருவில் வருகிற சட்டை, சேலை எல்லாம் வாடகைக்குத்தான் சரியாக இருக்கும். கடையைத் தாங்கியது மருத்துவமனையின் படுக்கை விரிப்புகள். காய்ச்சல் என்று அந்த மருத்துவமனைக்கே போனவர், நாங்கள் துவைத்துக் கொடுத்த விரிப்பிலேயே படுத்திருந்தார். ஓரத்தில் எங்கள் கடையின் நீலத் தையல் இருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கஞ்சி கொஞ்சம் அதிகமாயிடுச்சு" என்றார். என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

அதன்பிறகு மருத்துவமனைக்குப் புது நிர்வாகம் வந்தது. முதலில் சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள், அடுத்து விதிகளுக்கு. வெளியிலிருந்து வேலை எடுத்துச் செய்யும் ஒவ்வொரு கடையிலும் ஒருவராவது நிர்வாகப் படிப்புச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். வருடக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அதைக் காட்டாவிட்டால் விரிப்புகள் வேறு கடைக்குப் போய்விடும்.

"அழுக்கு எடுக்கறதுக்குச் சான்றிதழ் எதுக்குங்க?" என்று மருத்துவமனை மேலாளரிடம் கேட்டேன்.

"அழுக்கு எடுக்கறதுக்கு இல்லம்மா. அழுக்கு எடுக்கறதை நிர்வாகம் பண்றதுக்கு," என்றார். அவர் மேசைமேல் கறை இருந்தது.

வணிகக் கல்லூரி ஒன்றில் பெண்களுக்குத் தலைமைப் பயிற்சியோடு இலவசமாக நிர்வாகப் படிப்பு தருகிறார்கள் என்றும், ஓர் அறக்கட்டளை அதற்கு உதவித்தொகை கொடுக்கிறது என்றும் கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இயக்குநர் மேடம். அவருக்கு இரண்டு பக்கமும், அவர் தலையாட்டும்போது தலையாட்டுவதற்காக இரண்டு பேர்.

"அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க உங்களை எங்கே பார்க்கறீங்க?" என்றார் மேடம்.

"கடையிலதான் மேடம்."

"அதுக்கும் மேலே?"

"மேல வீட்டு ஓனர் குடியிருக்காரு."

மேடம் ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, குரலை இறக்கிக் கேட்டார். "உங்க வாழ்க்கையில பெரிய தடை எது?"

"சாக்கடை மேடம். மழை வந்தா அடைச்சுக்குது. தண்ணி எதிர்த்துக்கிட்டுக் கடைக்குள்ளேயே வந்துடும்."

"இல்லம்மா. மனுஷங்க."

"அதைச் சரி பண்ண வராம ஒருத்தர் இழுத்தடிக்கறாரு, அவரைச் சொல்லலாமா?"

"வீட்டு மனுஷங்க."

விண்ணப்பத்தில் அதற்கென்று கட்டங்கள் இருந்தன: தந்தை, கணவர், மாமியார், சமூகம். எதையாவது போட்டால் போதும் என்று நான் 'சமூகம்' கட்டத்தைக் காட்டினேன். இடப்பக்கத்தில் இருந்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"சமூகம் இந்த வருஷம் நிறைஞ்சுபோச்சு. எல்லாருமே அதையே போட்டுடறாங்க. அப்புறம் ஃபோட்டோ எடுக்கப் போனா யாரை எடுக்கறது?"

"கணவர் என்ன பண்றார்?" என்றார் மேடம்.

"இறந்துட்டாரு."

வருத்தப்படத் தயாராகிக்கொண்டிருந்த முகத்தில் நிம்மதி முந்திக்கொண்டு வருவதை அன்றுதான் பார்த்தேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கணவர் என்ற கட்டத்தில் மேடமே டிக் அடித்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா," என்றார். "உங்களைத் தேர்ந்தெடுத்துட்டோம்."

*

வகுப்பு காலையில் தொடங்கும் என்றார்கள். மெஷினில் ஒரு சுற்றுப் போட்டுவிட்டு, "தண்ணி இறங்கினதும் எடுத்துடுங்க அத்தை" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு ஓடுவேன். அவர் கடையில் துணி பிரிப்பார். கணவரின் அம்மா என்றாலும் கணவர் இருந்தபோது எனக்கும் அவருக்கும் பேச்சு அவ்வளவு இல்லை. கணவர் போனபிறகு இருவருக்கும் பேச வேறு ஆள் இல்லை.

முதல் பருவத்துக்குப் பெயர் தன்னம்பிக்கை. கணக்கு எப்போது என்று கேட்டேன்.

"கணக்கை முதல்லயே கொடுத்துட்டா பொண்ணுங்க கணக்குப்பிள்ளை ஆயிடுவாங்கம்மா," என்றார் மேடம். "எங்களுக்குத் தலைவிங்க வேணும்."

ஒரு தலைவி ஓர் அறைக்குள் எப்படி நுழைய வேண்டும் என்பது பாடம். நுழைந்தோம். சரியில்லை என்று வெளியே அனுப்பினார்கள். திரும்ப நுழைந்தோம். தோளை அகட்டி, முகவாயைத் தூக்கி, அறையே நமக்காகக் காத்திருந்த மாதிரி வர வேண்டுமாம். அறையில் யாரும் இல்லை. எல்லோரும் உள்ளே நுழைவதற்காக வெளியே காத்திருந்தோம். காலை முழுவதும் அதே கதவு. எனக்கோ மனசு பூராவும் மெஷினில் இருந்தது. இந்நேரம் தண்ணீர் இறங்கியிருக்கும், அத்தை குனிந்து எடுக்க முடியாமல் திணறிக்கொண்டிருப்பார் என்று கால் தரையில் நிற்கவில்லை. அந்த அவசரத்தில் நான் நுழைந்த வேகத்தைப் பார்த்துவிட்டு, "இதுதான் தலைமை!" என்று மேடம் கைதட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக வகுப்பில் முதலாவதாக வந்தேன்.

அடுத்தது மேசைப் பயிற்சி. அதிகாரம் பேசப்படும் மேசையில் பெண்கள் தங்களுக்கான இடத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்காக நீளமான மேசை போட்டு, எங்கள் எண்ணிக்கைக்குக் குறைவாக நாற்காலி போட்டிருந்தார்கள். எப்படி இடம் பிடிக்கிறோம் என்று மதிப்பெண் போட இருவர் சுவரோரம் நின்றார்கள். என்னோடு படித்தவர்களில் பேக்கரி நடத்தும் ஓர் அக்கா இருந்தார். அவர் ஒரு நொடி பார்த்தார். பக்கத்து அறைக்குப் போனார். கை ஒன்றுக்கு இரண்டாக நாற்காலிகளைத் தூக்கிவந்து போட்டு, "உட்காருங்கடி" என்றார். உட்கார்ந்தோம்.

பேக்கரி அக்காவுக்குச் சுழியம். பிரச்சினையைத் தீர்த்துவிட்டார் என்று குறிப்பு எழுதியிருந்தார்கள்.

மறுபக்கத்து அறைக்குக் கண்ணாடிச் சுவர். அங்கேதான் கணக்கு வகுப்பு நடந்தது. பணம் கட்டிப் படிக்கும் இளைஞர்கள். வழுக்கை விழுந்த, மெலிந்த வாத்தியார் ஒருவர் பலகையில் இரண்டு பக்கமாகக் கோடு கிழித்து ஏதேதோ எழுதுவார். சத்தம் கேட்காது. எழுதுவது தெரியும். நான் கதவில் நுழைந்து நுழைந்து வரும்போதெல்லாம் ஓரக்கண்ணால் ஒரு வரி பார்த்துக்கொள்வேன்.

"அங்கே என்ன பார்வை?" என்றார் மேடம் ஒருநாள்.

"கணக்கு மேடம்."

"அவங்க கணக்குப் படிக்கறாங்க. நீங்க அவங்களுக்குத் தலைமை தாங்கப் போறீங்க. அவங்க போடற கணக்கு சரியா தப்பான்னு பார்க்கறதா ஒரு தலைவியோட வேலை?"

நன்கொடையாளர்கள் வருகிற நாள்களில் அதுவும் கிடையாது. படிக்கட்டில் நின்று கைதட்ட வேண்டும். ஒருமுறை வந்த பெரியவர் ஒருவர் பேக்கரி அக்காவிடம், இங்கே என்னம்மா கத்துக்கிட்டீங்க என்று அன்பாகக் கேட்டார்.

"உள்ளே வரக் கத்துக்கிட்டோம் சார். உட்காரத்தான் இன்னும் சொல்லித் தரலை."

என்ன ஆழமான வார்த்தை என்று பெரியவர் கண் கலங்கிவிட்டார். மறுநாளே அதை அச்சடித்து நுழைவாயிலில் மாட்டினார்கள்.

*

இரண்டாம் பருவத்துக்குப் பெயர் என் கதை. கழுத்தில் கேமரா தொங்கவிட்ட இளைஞர் ஒருவர் வந்தார். கதைப் பயிற்சியாளர். ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துக் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லுங்க அக்கா. படிப்புக்கு என்ன சொன்னார்?"

சொன்னேன். கல்யாணமான புதிதில் நான் அஞ்சல் வழியில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தேன். சேர்த்துவிட்டது அவர்தான். ஆனால் கடையில் எனக்குக் கை எப்போதும் ஈரம். புத்தகத்தைத் தொட முடியாது. மொட்டைமாடியில் விரிப்புகளை வரிசையாகக் காயப்போட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் போய்ப் பார்த்தால் கொடியில் இரண்டு விரிப்புகளுக்கு நடுவே காகிதங்கள் தொங்குகின்றன. என் பாடப் புத்தகத்தைத் தாள் தாளாகக் கிழித்து, என் கண் உயரத்துக்குக் கிளிப் போட்டு மாட்டி வைத்திருந்தார். "ஒரு விரிப்பு, ஒரு பக்கம்," என்றார். "கடைசிக் கொடிக்குப் போறதுக்குள்ள பாடம் முடிஞ்சுடும் பாரு." காற்றடித்தால் பக்கம் மாறிவிடும். ஒருமுறை பொருளாதாரம் பக்கத்து வீட்டுக் கிணற்றில் விழுந்தது. அந்த வருடம் தேறினேன்.

இளைஞர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "ரொம்ப அழகா இருக்கு அக்கா. ஆனா இதுல போராட்டம் எங்கே?"

"கிணத்துல இறங்கி எடுத்தது போராட்டம்தாங்க தம்பி."

"அவர் நல்லவராவே இருந்துட்டா நீங்க எதுல இருந்து எழுந்து வர்றது? கதை படுத்துடுதே." கொஞ்சம் யோசித்தார். சட்டென்று நிமிர்ந்தார். "புத்தகத்தைக் கிழிச்சார்னு சொன்னீங்க இல்ல?"

"ஆமா, கிளிப் மாட்டறதுக்கு..."

"கிழிச்சார். அது போதும்."

அவர் அதை எழுதி மேலே அனுப்பினார். மேலே உள்ளவர்கள் படம் வரைபவரிடம் அனுப்பினார்கள். கிழிப்பது படத்தில் எடுபடவில்லை, காகிதம் பறக்கிறது, கொண்டாட்டம் மாதிரித் தெரிகிறது என்றாராம் அவர். தீ என்றால் நன்றாக வரும். அப்படித்தான் என் கணவர் புத்தகத்தை எரித்தார்.

சுவரொட்டி பார்த்த அன்று நான் கடைக்குத் திரும்பியபோது அத்தை துணி பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எரிச்சானாமே," என்றார்.

"யாரு சொன்னா?"

"பால்காரன் கேட்கறான். மாடி வீட்டுக்காரி கேட்கறா. இஸ்திரி வாங்க வந்தவன், 'உங்க பையனா அப்படி'ங்கறான். அவனுக்கு அடுப்புப் பத்த வைக்கவே வராதேடி. நான் ரெண்டு நாள் வெளியூர் போனா பச்சைத் தண்ணியைக் குடிச்சுட்டுக் கிடப்பான். அவன் எங்கேடி புத்தகத்தைப் பத்த வெச்சான்?"

"அத்தை, நான் அப்படிச் சொல்லலை."

"நீ சொல்லலைன்னு எனக்குத் தெரியும். செவுத்துக்குத் தெரியுமா? போய் எடுக்கச் சொல்லு."

போனேன். மேடம் காபி வரவழைத்தார்.

"நாங்க உங்க கணவரைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையேம்மா. 'அவர்'னு பொதுவாப் போட்டிருக்கோம்."

"என் முகத்துக்குப் பக்கத்துல போட்டிருக்கீங்க மேடம்."

"உங்க முகமும் பொதுவானதுதான். லட்சக்கணக்கான பெண்களோட முகம்." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சரி, உங்க மனசு புண்பட்டிருந்தா எங்ககிட்ட குறைதீர்ப்புக் குழு இருக்கு. ரொம்ப வெளிப்படையா நடக்குது. ஆனா ஒரு விதி. சம்பந்தப்பட்ட நபர்தான் புகார் கொடுக்கணும்."

"நான்தானே மேடம் சம்பந்தப்பட்டவ?"

"நீங்க இல்லை. சுவரொட்டியில உங்களைப் பத்தி நல்லாத்தானே போட்டிருக்கு? சம்பந்தப்பட்டவர் அவர். அவர் வந்து கையெழுத்துப் போட்டா உடனே எடுத்துடறோம்."

"அவர் செத்துட்டாரு மேடம்."

"தெரியும்மா. அதனாலதான் அவர் தரப்புல இதுவரைக்கும் எந்த ஆட்சேபணையும் வரலை."

நான் எழுந்துவிட்டேன். காபியைக் குடிக்கவில்லை. வாசல் வரை போய், திரும்பி வந்து கேட்டேன். "சான்றிதழ் எப்போ மேடம் கிடைக்கும்? மருத்துவமனையில ஒப்பந்தம் வருது."

"ஆண்டு விழாவுல. மருத்துவமனை மேலாளரே வந்து கொடுக்கறார். முன்னாடி ஒரு சின்ன நாடகம் இருக்கு. நீங்க மேடையில உங்க கணவரை மன்னிக்கறீங்க. அந்தக் கையோட சான்றிதழ்."

*

நாடகத்தில் என் கணவராக நடிக்க ஆள் தேடினார்கள். முதலில் காவலாளியைக் கேட்டார்கள். "எனக்கும் பொண்ணு படிக்குது மேடம், அவ பார்த்தா என்ன நினைப்பா?" என்று மறுத்துவிட்டார். கடைசியில் கணக்கு வாத்தியாரைப் பிடித்தார்கள். அவருக்கு வருடா வருடம் வேலையை நீட்டித்துத் தர வேண்டும். மறுத்துப் பேசுகிற நிலைமை இல்லை. அடர்த்தியாக ஒரு மீசையை ஒட்டி, கையில் தடி கொடுத்து நிறுத்தினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாதக்கணக்கில் பார்த்த மனிதரை நான் முதன்முதலில் நேரில் சந்தித்தது அப்படித்தான்.

"வணக்கம்மா," என்றார் என் கணவர். "உங்களை அடிக்கணுமாம். மன்னிச்சுக்குங்க."

அவருக்குக் கோபப்பட வரவில்லை. "பொம்பளைக்கு எதுக்குடி படிப்பு!" என்பதை, பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதுபோல் சொன்னார்.

"சார், கோபம்! கோபம்!" என்றார் மேடம்.

"கோபமாத்தான் மேடம் சொன்னேன்."

மேடம் தலையில் கைவைத்துக்கொண்டு இடைவேளை விட்டார். நாங்கள் இருவரும் மேடையோரம் அட்டைச் சுவருக்குப் பின்னால் நின்றோம். எனக்கு மனசு பரபரத்தது. இந்த மாதிரி வாய்ப்பு திரும்ப வராது.

"சார், ஒரு சந்தேகம். மெஷின் வருஷா வருஷம் பழசாகுது இல்ல? அந்தத் தேய்மானத்தைத் துவைக்கிற விரிப்பு விலையில எப்படிச் சேர்க்கறது?"

ஒட்டுமீசைக்கு மேல் அவர் கண்கள் மாறியதை நான் மறக்க மாட்டேன். தடியைச் சுவரில் சாய்த்துவைத்தார். வசனத் தாளைத் திருப்பி, நடுவில் கோடு கிழித்தார். "இப்போ உங்க மெஷின் இருக்கு. எத்தனை வருஷம் உழைக்கும்னு நினைக்கறீங்க?" என்று தொடங்கினார். அவ்வளவு காலமும் சத்தமில்லாமல் வாயசைத்தது அப்போதுதான் எனக்குக் காதில் கேட்டது.

மறுநாளும் ஒத்திகை. அதற்கு மறுநாளும். வரவு, செலவு, கையிருப்பு, கடன் விற்பனை. பேக்கரி அக்காவும் வந்து ஒட்டிக்கொண்டார். என் புத்தகத்தை எரிக்கும் இடைவெளிகளில் என் கணவர் எங்களுக்குப் பாடம் நடத்தினார். ஒருநாள் மேடம் அட்டைச் சுவரைத் தாண்டி வந்து பார்த்துவிட்டார்.

"கணவனும் மனைவியும் இவ்வளவு சுமுகமா இருக்கக் கூடாது சார். மேடையில தெரிஞ்சுடும்."

சார் என்னிடம் முணுமுணுத்தார். "பயப்படாதீங்க. நாளைக்கும் சரியா நடிக்க மாட்டேன். பேலன்ஸ் ஷீட் இன்னும் பாக்கி இருக்கு."

வீட்டில் நான் இதைச் சொன்னபோது அத்தை சிரித்தார். மகன் போனபிறகு அவர் சிரித்தது அன்றுதான். சிரித்துவிட்டு, "மன்னிக்கறேன்னு சொல்லிடுவியா?" என்று கேட்டார்.

"விரிப்பு போயிடும் அத்தை."

"அது சரி," என்றார். துணியைப் பிரிக்க ஆரம்பித்தார். வெள்ளையோடு சாயத்துணியைக் கலந்து போட்டார். அப்படி ஒருநாளும் செய்யாதவர்.

*

ஆண்டு விழாவுக்கு எங்கள் வீட்டாரைப் பிரத்யேகமாக அழைத்திருந்தார்கள். முதல் வரிசையில் இடம். வாசலில் ஒரு பெண் ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஊக்கால் அட்டை குத்தி உள்ளே விட்டாள். பேக்கரி அக்காவின் அப்பா அதைக் குத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்.

"இதுல என்னடி எழுதியிருக்கு?" என்றார் அத்தை.

"முன்னாள் தடைன்னு."

அத்தை அட்டையைக் கழற்றி இருக்கைக்கு அடியில் போட்டார். ஊக்கை மட்டும் சேலையில் குத்திக்கொண்டார். கடையில் ஊக்குக்கு எப்போதும் தட்டுப்பாடு.

மருத்துவமனை மேலாளர் மேடையின் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் சின்ன மேசை. அதன்மேல் ரிப்பன் கட்டிச் சுருட்டிய சான்றிதழ்கள். என்னுடையது முதலாவது.

மேடம் பேசினார். "ஒரு பெண் கணக்குப் படித்தால் ஒரு கடை முன்னேறும். அதே பெண் தன் கதையைச் சொன்னால் ஓர் அறக்கட்டளையே முன்னேறும்!" கைதட்டல். "இந்தப் பெண்கள் எங்களிடம் வந்தபோது இவர்களிடம் வேதனை மட்டுமே இருந்தது. இன்றும் அதை அவர்கள் தொலைத்துவிடாதபடி நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்." பெரிய கைதட்டல். "நாங்கள் இவர்களுக்கு மேசையில் இடம் தரவில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். நான் கேட்கிறேன், உட்கார்ந்துவிட்டால் எழுவது எப்படி?" எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். பேக்கரி அக்காவின் அப்பா விழித்து அவரும் தட்டினார்.

நாடகம் தொடங்கியது. சார் வந்தார். தடியை ஓங்கித் தரையில் அடித்தார். "பொம்பளைக்கு எதுக்குடி படிப்பு!" அரங்கம் அதிர்ந்தது. எனக்கே முதுகு சிலிர்த்தது. முந்தின நாளோடு எங்களுக்குப் பாடம் முடிந்திருந்தது. இனி சரியாக நடிப்பதில் அவருக்குத் தடை எதுவும் இல்லை. என் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கினார். சிவப்புக் காகிதத் தீயில் வீசினார். கூட்டம் 'ஐயோ' என்றது. யாரோ, "இவனெல்லாம் மனுஷனா?" என்று கத்தினார்கள்.

முதல் வரிசையில் அத்தை எழுந்தார்.

"என் பிள்ளை இப்படி இல்லை," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. சுற்றியிருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும்.

மேடம் மைக்கில் உருகினார். "பாருங்கள்! எவ்வளவு உயரமான சுவர்! இன்றைக்கும் மகனை விட்டுக்கொடுக்காத ஒரு தாய்!" கேமராக்கள் அத்தை பக்கம் திரும்பின. அத்தை வெளிச்சத்தில் கண் கூசி, உட்காரத் தெரியாமல் அப்படியே நின்றார்.

என் முறை. சார் தலையைக் குனிந்து முழங்காலிட்டிருந்தார். மைக்கை என் கையில் கொடுத்தார்கள். "நான் உங்களை மன்னிக்கிறேன்." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். மேலாளர் சான்றிதழை எடுத்து எழுந்து நின்றார். சொன்னால் விரிப்புகள் எங்களோடு இருக்கும். அத்தையின் மருந்து, கடை வாடகை, எல்லாம் அந்த விரிப்பில்தான். சொல்லலாம் என்றுதான் இருந்தேன். செத்தவருக்கு இது கேட்கவா போகிறது?

"சொல்லிடும்மா," என்றார் சார், தலை நிமிராமல். "நடிப்புதானே."

அத்தை உட்காரவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. மேடைமேல் கிடந்த அந்தச் சிவப்புக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் வீட்டுக்காரர் புத்தகத்தைக் கிழிச்சாரு," என்றேன். கூட்டம் பெருமூச்சு விட்டது. "எனக்குக் கை ஈரம். அதனால தாள் தாளாக் கிழிச்சுக் கொடியில மாட்டினாரு. நான் துணி காயப்போட்டுக்கிட்டே படிச்சேன். அவர் எரிக்கலை. மன்னிக்கறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லை."

பிறகு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதுவரை கேட்காத கைதட்டல். மேடம் என் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கினார்.

"இதைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்," என்றார், கண்களைத் துடைத்துக்கொண்டு. "அடித்தவனை அணைத்தவனாக நினைக்க வைக்கிறது இந்த உலகம். இந்தச் சகோதரி இன்னும் தயாராகவில்லை. அவருக்கு இன்னொரு வருடம் தேவை. அதற்கு உங்கள் நன்கொடை தேவை."

மேலாளர் என் சான்றிதழை மேசையில் திரும்ப வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தார்.

*

விரிப்புகள் போய்விட்டன. ஒப்பந்தம் வேறு கடைக்குப் போனது. சார் சொல்லிக்கொடுத்தபடி கணக்குப் போட்டுப் பார்த்து, இரண்டு மெஷினில் ஒன்றை விற்றுவிட்டு, விடுதிகளின் துண்டுகளை எடுத்துத் துவைக்கிறோம். கடை திறந்துதான் இருக்கிறது. முன்பைவிட ஓட்டம் அதிகம், வரும்படி குறைவு. சாரின் நடிப்பு மேடத்துக்கு மிகவும் பிடித்துப்போய், எல்லா ஊர்க் கிளைகளுக்கும் அவரையே கணவராக அனுப்புகிறார்கள். ஒருமுறை பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். போன ஊரில் கூட்டு வட்டி வரைக்கும் முடித்துவிட்டதாகச் சொன்னார்.

சுவரொட்டி மழையில் கிழிந்தது. புதிதாக ஒட்டினார்கள். அதே முகம், அதே தீ. அத்தை அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டார். சுற்றிக்கொண்டு போகிறார்.

போன வாரம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். கையில் துணி இல்லை. இளம்பெண், இடுப்பில் குழந்தை. கூடவே அவள் கணவன், குழந்தையின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலோடு நின்றுவிட்டான். தையல் கடை வைத்திருக்கிறார்களாம். பெரிதாக்க ஆசையாம்.

"அக்கா, நீங்கதானே அது? சுவரொட்டியில இருக்கறது?" என்றாள். "எனக்கு அடுத்த வாரம் நேர்முகம். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்." என் தோளைத் தொட்டாள். "உங்க வீட்டுக்காரர் போனது உங்களுக்கு நல்லதாப் போச்சுக்கா. இல்லாட்டி இவ்வளவு தூரம் வந்திருப்பீங்களா?"

அன்பாகத்தான் சொன்னாள். உள்ளே அத்தை துண்டு மடித்துக்கொண்டிருந்தார். மடிக்கும் சத்தம் நின்றது.

நான் ஏதாவது சொல்வதற்குள் அவள் குரலைத் தாழ்த்தினாள். "பிரச்சினை என்னன்னா, தடை யாருன்னு கேட்பாங்களாம். எனக்கு எழுதறதுக்கு ஆளே இல்லைக்கா. அப்பா இல்லை, மாமியார் இல்லை. இவரோ..." என்று வாசல் பக்கம் கண்ணைக் காட்டினாள். "இவருக்குக் கோபப்படவே வராது."

"என்னை எழுதிக்கட்டும்னு சொல்லிட்டேங்க," என்றான் அவன் வாசலிலிருந்தே. செருப்பைக் கை மாற்றிக்கொண்டான். பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி முகம். "நான் என்னென்ன பண்ணியிருக்கணும்னு மட்டும் சொல்லிக் கொடுங்க அக்கா. இப்பவே பண்ணிடறேன்."

"உள்ளே வாப்பா," என்று அத்தையின் குரல் கேட்டது. "முதல்ல உள்ளே வந்து உட்காரு."